புறநகர் எழுந்த கதை – 14: கல் நட்ட வயல்கள்

1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியதையும், 1937-இல் கிறித்தவக் கல்லூரி பட்டணத்தை விட்டுத் தாம்பரத்துக்குக் குடிபோனதையும் முன் அத்தியாயங்களில் பார்த்தோம். ரயில் வந்தது, ஊர் வளர்ந்தது என்று இரண்டே வரியில் முடித்துவிடலாம். பலர் அப்படித்தான் முடித்திருக்கிறார்கள். ஆனால் ரயில் ஓடத் தொடங்கி நாற்பது வருஷம் ஆன பிறகும், குரோம்பேட்டையில் இறங்கிக் கிழக்கே நடந்தால் சிட்லபாக்கம் ஏரிக்கரை வந்துவிடும். கரைக்குக் கீழே வயல். மடிப்பாக்கமும் கீழ்க்கட்டளையும் செம்பாக்கமும் செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமங்களாகவே இருந்தன. நங்கநல்லூர் மாதிரி முன்கூட்டியே ஆள் குடியேறிய இடங்கள் ஒன்றிரண்டுதான். வயல் மனையானதும், மனை வீடானதும் பெரும்பாலும் 1970-களின் நடுவிலிருந்து 1990-களின் முடிவுக்குள் நடந்தவை. முதலில் வீடு வந்தது. ரோடு, தெருவிளக்கு, தண்ணீர், சாக்கடை, கடைசியாக மாநகராட்சி என்று மற்றதெல்லாம் வீட்டைத் தேடிக்கொண்டு பின்னால் வந்தன. சில இன்னும் வந்து சேரவில்லை.

யார் இந்த வயலுக்கு வந்தார்கள்? கிண்டித் தொழிற்பேட்டை 1958-இல் தொடங்கியது. பல்லாவரத்தில் இங்கிலீஷ் எலெக்ட்ரிக், வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ், மீனம்பாக்கத்தில் விமான நிலையம், தாம்பரத்தில் விமானப் படைத்தளம் என்று மாதச் சம்பளக்காரர்கள் இந்த ரயில் பாதையை ஒட்டிப் பெருகினார்கள். இவர்களோடு கோட்டையிலும் தபால் ஆபீசிலும் ரயில்வேயிலும் வங்கியிலும் வேலை பார்த்த குமாஸ்தாக்கள். திருவல்லிக்கேணியிலும் மாம்பலத்திலும் ஒண்டுக் குடித்தனம் இருந்தவர்கள் இவர்களில் ஏராளம். ஒண்டுக் குடித்தனத்தில் வாடகையை விட வீட்டுக்காரரின் சட்டதிட்டம்தான் கனம். குழாய்த் தண்ணீர் இத்தனை குடம், விளக்கு இத்தனை மணி வரை, விருந்தாளி வந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். 'கூரை போட்டாலும் சொந்தக் கூரை' என்று ஒரு மனிதர் மனைவியின் நகையை விற்று மடிப்பாக்கத்தில் ஒரு கிரவுண்டு வாங்கினார் என்றால், அதில் முதலீட்டுக் கணக்கைக் காட்டிலும் குழாயடிக் கோபம் அதிகம்.

மனை போடுவது எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. சென்னைக்காரர் கணக்கில் ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. ஆக ஏக்கருக்குப் பதினெட்டு கிரவுண்டு. அதில் தெருவுக்கு மூன்றில் ஒரு பங்கு விட்டால் விற்கப் பன்னிரண்டு மனை கிடைக்கும். தெருவின் அகலத்தைக் குறைத்தால் ஒன்று கூடும். பூங்காவுக்கு இடம் விடாவிட்டால் இன்னொன்று கூடும். இந்தக் கூட்டல் கணக்குத்தான் இன்றைய புறநகர்த் தெருக்களின் அகலத்தைத் தீர்மானித்தது. தீயணைப்பு வண்டி நுழைய முடியாத தெருவுக்கும், பிள்ளைகள் மைதானம் இல்லாமல் தெருவில் பந்து விளையாடுவதற்கும் வேர் அங்கேதான்.

சட்டம் இல்லாமல் இல்லை. நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-இல் வந்தது. அடுத்த ஆண்டே எம்.எம்.டி.ஏ. என்ற பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்கு அடித்தளம் போட்டார்கள். 1,189 சதுர கிலோமீட்டர் அதன் அன்றைய எல்லை. அதன் முதல் பெருந்திட்டத்துக்கு 1976-இல் அரசு ஒப்புதல் கிடைத்தது. எந்த இடத்தில் வீடு, எந்த இடத்தில் தொழிற்சாலை, எந்த இடம் விவசாயத்துக்கே என்று வண்ணம் தீட்டிய வரைபடம் அது. வரைபடத்தில் விவசாயம் என்று இருந்தால் அங்கே மனைக்கு அனுமதி கிடைக்காது; அனுமதி கிடைக்கும் இடத்தில் தெருவும் திறந்தவெளியும் விட்டாக வேண்டும். 1978-இல் நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டமும் சேர்ந்துகொண்டது. உபரி நிலத்தை அரசு எடுத்துக்கொள்ளும் என்றதும், கையில் இருப்பதைத் துண்டு போட்டு விற்றுவிடுவதே புத்திசாலித்தனம் என்று நிலக்காரர்கள் பலருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அந்தச் சட்டத்தை 1999-இல் திரும்பப் பெறுவதற்குள் நிலம் துண்டாகிவிட்டது.

இப்படிப் பிறந்ததுதான் 'பஞ்சாயத்து அப்ரூவல்'. மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் கிராமப் பஞ்சாயத்துத் தலைவருக்குக் கிடையாது. ஆனாலும் வரைபடத்தில் தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் இருந்தால் அது ஒரு காகிதம்தானே. காகிதத்தைப் பார்த்தால் சம்பளக்காரனுக்கு மனசு சமாதானமாகும். சப்-ரிஜிஸ்திரார் ஆபீசிலும் பத்திரம் பதிவாகியது. முத்திரைத் தாளுக்குப் பணம் வாங்கிக்கொண்டு பதிவு செய்வது ஒரு துறை. 'இந்த மனையே செல்லாது' என்று சொல்வது இன்னொரு துறை. இரண்டும் ஒரே அரசு. முப்பது நாற்பது வருஷம் இந்த இரண்டு துறைகளும் ஒன்றையொன்று பார்க்காமலே இருந்ததுதான் புறநகரின் அரசியல் வரலாறு என்று நான் சொல்வேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரயில் நிலைய வாசலில் வேன் நிற்கும். ஏறினால் இலவசமாக மனையைக் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். அறுவடை முடிந்த தாளடி காலில் குத்த, வெள்ளையடித்த கருங்கல் எல்லைக்கல்களுக்கு நடுவே தரகர் நடந்து காட்டுவார். 'இது நாற்பதடி ரோடு சார், இங்கேதான் பஸ் ஸ்டாண்டு வரப்போகுது.' வாங்குகிறவர் வில்லங்கச் சான்று பார்த்தார், தாய்ப்பத்திரம் பார்த்தார். ஏரிக் கணக்கு யாரும் பார்க்கவில்லை. பார்க்கத் தெரிந்தவரும் அப்போது இல்லை. எந்த மதகிலிருந்து எந்த வயலுக்குத் தண்ணீர், எந்தப் புறம்போக்கு வழியாக உபரி வெளியேறும் என்பதெல்லாம் கர்ணத்துக்கு மனப்பாடம். பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகளை 1980-இல் அரசு ஒழித்து, கிராம நிர்வாக அலுவலரைக் கொண்டுவந்தது. பரம்பரை ஆதிக்கம் போனது நியாயம்தான். கர்ணங்கள் எல்லோரும் யோக்கியர்கள் என்று நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் தண்ணீர்க் கணக்கு தெரிந்த ஆள் ஊரை விட்டுப் போன அதே பத்தாண்டில்தான் கல் நடுகிற ஆள் ஊருக்குள் வந்தார்.

தாம்பரத்துக்குக் கிழக்கே உள்ள ஏரிகள் தனித்தனிக் குளங்கள் அல்ல. செம்பாக்கம் ஏரி நிரம்பினால் நன்மங்கலம், அது நிரம்பினால் கீழ்க்கட்டளை, பிறகு நாராயணபுரம், கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் என்று ஒரு தொடர். ஒவ்வொரு ஏரிக்கும் கரை, கரையில் மதகு, ஓரத்தில் கலங்கல், கரைக்குக் கீழே ஆயக்கட்டு. விவசாயம் நடந்த காலத்தில் ஏரித் தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் போய்க்கொண்டே இருக்கும். வெயில் காலத்தில் ஏரி வறண்டு கிடக்கும். வடகிழக்குப் பருவமழை வரும்போது வாங்கிக்கொள்ள இடம் இருக்கும். அளவுக்கு மீறினால்தான் கலங்கல் வழியும்.

ஆயக்கட்டில் வீடு வந்ததும் என்ன ஆகும்? மதகைத் திறந்தால் தண்ணீர் வயலுக்குப் பதிலாகக் கூடத்துக்குள் போகும். எனவே மதகை அடைத்தார்கள். பாசனத்துக்கு ஆள் இல்லாததால் ஏரியைக் காலி செய்ய ஆள் இல்லை. சுற்றியுள்ள தெருக்களின் சாக்கடை வேறு ஏரிக்குள் வந்தது. பங்குனி, சித்திரையிலும் ஏரியில் கறுப்புத் தண்ணீர் நின்றது. ஐப்பசியில் பெரிய மழை வரும்போது ஏரி ஏற்கெனவே பாதிக்கு மேல் நிறைந்திருக்கும். மதகு மூடியாகிவிட்டது, மிச்சமிருப்பது கலங்கல் ஒன்றுதான். கலங்கலுக்குக் கீழே உபரி போகும் கால்வாயோ, யாரோ வாங்கிய மனையின் பின்சுவராகிவிட்டது. அப்புறம் தண்ணீர் தெருவில்தான் போயாக வேண்டும். வாங்கியவர்கள் பேராசைக்காரர்கள் என்று இன்று எழுதுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: பள்ளத்து மனை வாங்கியவருக்கு அது பள்ளம் என்றே தெரியாது. அவர் பார்த்தது சித்திரை மாதத்து வயல்.

ஏரி போனதால் பிழைப்பு போனவர்களைப் பற்றி வரலாறு எழுதுகிறவர்கள் அதிகம் பேசுவதில்லை. நிலக்காரருக்கு ரொக்கம் கிடைத்தது. குத்தகை உழுதவருக்கும், நடவுக்கும் அறுப்புக்கும் போன சேரிப் பெண்களுக்கும் பத்திரத்தில் பெயர் இல்லை. அவர்களில் சிலர் அதே வயலில் எழுந்த வீடுகளுக்குச் சித்தாளாகவும் காவல்காரராகவும் போனார்கள்; பெண்கள் அந்த வீடுகளில் பாத்திரம் தேய்த்தார்கள். தண்ணீர் ஊறுகிற கிணறு வைத்திருந்த நிலக்காரர்கள் மட்டும் நெல்லை விட்டுத் தண்ணீரையே விற்கத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் குடிவந்தவர்களின் வாழ்க்கையை அவர்கள் சொல்லக் கேட்க வேண்டும். மண் ரோடு, மழை பெய்தால் அதுவும் சேறு. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வேட்டியையோ பேண்ட்டையோ மடித்துக் கட்டி நிலையம் வரை நடந்து, அங்கே குழாயில் காலைக் கழுவி, பையிலிருந்து செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு ரயில் ஏறியவர்கள் உண்டு. மீட்டர்கேஜ் ரயில் அது. 2004 வரைக்கும் அந்தக் குறுகிய பெட்டிகள்தான். ஆனால் ஆண்கள் காலை எட்டு மணிக்குப் போனால் இருட்டிய பிறகே திரும்பினார்கள். பகல் முழுக்கப் புறநகரில் வாழ்ந்தவர்கள் பெண்கள்தான். வாசலில் பாம்பு வந்தால் அடித்தவர்களும், அடி பம்பில் தண்ணீர் ஏறாவிட்டால் மேலே ஒரு சொம்பு ஊற்றி அடித்தவர்களும், பாலுக்கும் மருந்துக்கும் ஒரு மைல் நடந்தவர்களும் அவர்களே. பக்கத்து வீடு நாலு மனை தள்ளி இருக்கும். திருடன் பயத்தில் இரவு ஒரு வீட்டு வாசல் விளக்கை அணைக்கக் கூடாது என்று முறை வைத்துக்கொண்ட தெருக்களைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். தெருவிளக்கு என்பதன் முதல் வடிவம் அதுவே.

இந்தத் தேவையிலிருந்துதான் நலச்சங்கம் பிறந்தது. 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவெண் வாங்கி, ரப்பர் முத்திரை செய்து, தலைவர், செயலாளர், பொருளாளர் போட்டுவிட்டால் ஒரு மினி அரசாங்கம் தயார். செயலாளர் பெரும்பாலும் ஓய்வுபெற்ற அரசு ஊழியர். மனு எழுதுவதில் இவர்களுக்கு நிகர் கிடையாது: பொருள், பார்வை, நகல் என்று முப்பது வருஷம் தாங்கள் வாங்கிப் போட்ட மனுவின் சூட்சுமம் எல்லாம் இப்போது எதிர்ப்பக்கத்தில் பயன்பட்டது. மின்கம்பம், பஸ் தடம், தபால் பெட்டி, ரேஷன் கடை என்று ஒவ்வொன்றும் ஒரு கோப்பு. சங்கத்துக்கு முன்னாலோ பின்னாலோ தெருமுனையில் ஒரு பிள்ளையார் கோயில் வரும். அந்தக் கோயில் எதிர்த்தாற்போல் பூங்காவுக்காக விட்ட இடத்தில் எழும்பியிருந்தால் அதைப் பற்றி மட்டும் சங்கம் மனு எழுதாது.

சங்கங்கள் சாதித்ததில் பெரியது ஆலந்தூரில் நடந்தது. நங்கநல்லூர், பழவந்தாங்கல், ஆதம்பாக்கம் எல்லாம் அடங்கிய ஆலந்தூர் நகராட்சியில் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேர் இருந்தார்கள். பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். நிரம்பினால் லாரி வரும். லாரி அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டும் என்று யாரும் கேட்கமாட்டார்கள். நிலத்தடி நீரில் எது கலக்கிறது என்றும் கேட்கமாட்டார்கள். அதே மனையில் இருபதடி தள்ளித்தான் கிணறு. 1996-இல் நகராட்சித் தலைவரான ஆர்.எஸ்.பாரதியின் காலத்தில் பாதாளச் சாக்கடைத் திட்டம் எடுத்தார்கள். அரசிடம் முழுப் பணம் இல்லை. ஒவ்வொரு வீடும் 5,000 ரூபாய் முன்பணம் கட்ட வேண்டும் என்று முடிவாயிற்று. இன்னும் தோண்டாத பள்ளத்துக்கு, இன்னும் வராத குழாய்க்கு, அதுவும் நகராட்சியை நம்பி 5,000 ரூபாய்! தமிழ்நாட்டில் அதுவரை இப்படி யாரும் கேட்டுப் பார்த்ததில்லை. நலச்சங்கத்துக்காரர்கள் வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள். பணம் வந்தது. 2000-இல் வேலை தொடங்கி, பெருங்குடியில் சுத்திகரிப்பு நிலையமும் எழுந்தது. தனியாரும் நகராட்சியும் மக்களும் சேர்ந்து செய்த திட்டம் என்று நகரமைப்புப் பாடங்களில் இன்றும் ஆலந்தூரைச் சொல்கிறார்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. பட்டணத்துக்காரருக்கு வரியிலேயே கிடைத்த சாக்கடைக்கு, புறநகர்க்காரர் கையிலிருந்து தனியாகக் கட்டினார். அந்தக் கணக்கை எந்தப் பாடத்திலும் நான் பார்க்கவில்லை.

தண்ணீர்க் கதை இவ்வளவு நன்றாக முடியவில்லை. முதலில் உறை கிணற்றில் பத்தடியில் தண்ணீர். பிறகு ஜெட் பம்ப், பிறகு ஆழ்குழாய். நிலத்தடி நீரை எடுத்து விற்பதைக் கட்டுப்படுத்த 1987-இல் சென்னைப் பெருநகரப் பகுதிக்கென்றே ஒரு சட்டம் வந்தது. கோவிலம்பாக்கம், நன்மங்கலம் வயல் கிணறுகளிலிருந்து டேங்கர் லாரிகள் அதற்குப் பிறகும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. 2003-இல் ஒவ்வொரு வீட்டிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது பல புறநகர் வீடுகளில் தண்ணீர் மட்டம் உண்மையாகவே ஏறியது. ஏனோதானோ என்று ஒரு குழாயை மண்ணில் சொருகிவிட்டுச் சான்று வாங்கியவர்களும் உண்டு. 2019 கோடையில் ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த நாட்களில், லாரிக்குப் பதிவு செய்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்த தெருக்கள் இதே ஏரித் தொடருக்கு நடுவில்தான் இருக்கின்றன.

அதற்கு நான்கு வருஷத்துக்கு முன்னால் அதே மண்ணில் வெள்ளம். 2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூரும் வரதராஜபுரமும் முதல் மாடி உயரத்துக்குத் தண்ணீருக்குள் போயின. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததால் வந்த வெள்ளம் என்று ஊரே பேசிற்று; இன்றும் பேசுகிறது. சைதாப்பேட்டைக்கும் கோட்டூர்புரத்துக்கும் அந்த வாதம் பொருந்தலாம். முடிச்சூருக்குப் பொருந்தாது. ஆதனூர்ப் பக்கம் பிறந்து வரும் அடையாற்றின் தலைப்பகுதியில் இருக்கிற ஊர் அது. செம்பரம்பாக்கம் உபரி ஆற்றில் சேருவது அதற்குக் கீழே, திருநீர்மலை அருகில். முடிச்சூரை மூழ்கடித்தது அதற்கு மேலே இருந்த ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிரம்பி வழிந்த தண்ணீரும், குறுகிப்போன ஆறும். ஒரு மதகைக் குற்றம் சொல்வது எளிது. முப்பது வருஷத்து மனைப்பிரிவுகளைக் குற்றம் சொன்னால் பத்திரம் பதிந்தவர் முதல் பட்டா தந்தவர் வரை கூண்டில் ஏற வேண்டிவரும்.

ஒவ்வொரு வெள்ளத்துக்கும் பிறகு ரோட்டை உயர்த்திப் போட்டார்கள். பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில், 1980-களில் மூன்று படி ஏறிப் போன வீட்டுக்கு இப்போது இரண்டு படி இறங்கிப் போக வேண்டும். வெளியூர் ஆட்களை வரவழைத்து, சுவருக்கு அடியில் நூற்றுக்கணக்கான ஜாக்கிகளை வைத்து வீட்டையே மூன்றடி நாலடி தூக்குகிற தொழில் இங்கே செழித்தது. தூக்கிய வீட்டுத் தண்ணீர் தூக்காத பக்கத்து வீட்டுக்குப் போகும். அடுத்த வருஷம் அவரும் தூக்குவார்.

ஆட்சி எல்லை மாறியது இதற்கிடையில்தான். 2011-இல் ஒன்பது நகராட்சிகள், எட்டுப் பேரூராட்சிகள், இருபத்தைந்து ஊராட்சிகளைச் சேர்த்துக்கொண்டு சென்னை மாநகராட்சி 174-லிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. ஆலந்தூரும் மடிப்பாக்கமும் அன்றைக்குப் பட்டணமாயின. தாம்பரம், பல்லாவரம், செம்பாக்கம், சிட்லபாக்கம் முதலியவை காத்திருந்து 2021-இல் தனியாகத் தாம்பரம் மாநகராட்சி ஆயின. சொத்து வரிச் சீட்டின் தலைப்பு மாறியது முதல் மாற்றம்.

மனைகளுக்கு வந்த பெரிய அதிர்ச்சி 2016 செப்டம்பர் 9. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. ஒன்றையொன்று பாராமல் இருந்த இரண்டு துறைகளை நீதிமன்றம் எதிரெதிரே உட்கார வைத்த நாள் அது. மகள் கல்யாணத்துக்கென்று மனையை விற்க முன்பணம் வாங்கியவர்கள் திகைத்தார்கள். 2017-இல் அரசு வரன்முறை விதிகளைக் கொண்டுவந்தது: 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனை என்றால் கட்டணம் கட்டி முறைப்படுத்திக்கொள்ளலாம். நீர்நிலையிலும் நீர்வழியிலும் உள்ள மனைகளுக்கு அதில் இடமில்லை. எது நீர்வழி என்று தீர்மானிக்கப் பழைய கிராம வரைபடங்களைத் தேடி எடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வேனில் தரகர் காட்டிய வரைபடத்தில் அந்தக் கால்வாய் ஒரு கோடாகக்கூட இருந்ததில்லை.

அடுத்த அத்தியாயத்தில் ஏரித் தொடரின் கடைசிப் படியான பள்ளிக்கரணைக்குப் போவோம்: வேளச்சேரியின் அடுக்குமாடிகள், பெருங்குடிக் குப்பைமேடு, ரயில் வந்த 2007.

(தொடரும்)